தோட்டத்து வீட்டில் தனியாக வாழும் பெற்றோர்: திருடன் வந்தால் சட்டம் எதுவரை அனுமதிக்கிறது?

காங்கேயத்தான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். காங்கேயத்திலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீட்டர் தள்ளியுள்ள எங்கள் தோட்டத்து வீட்டில் என் பெற்றோர் இருவர் மட்டுமே வாழ்கிறார்கள். அப்பாவுக்கு 72 வயது, அம்மாவுக்கு 66. நானும் தங்கையும் வேலையின் பொருட்டு வெளியூர்களில் இருக்கிறோம். கூப்பிடு தூரத்தில் வேறு சாளை (தோட்டத்து வீடு) எதுவும் இல்லை. அடுத்த தோட்டத்துக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு தென்னந்தோப்பும், கிளுவை வேலி போட்ட கொறங்காடும் (மேய்ச்சல் நிலம்) இருக்கின்றன. இரவில் குரல் கொடுத்தால் எங்கள் மாடுகளுக்குத்தான் கேட்கும்.

2024 நவம்பர் இறுதியில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டிலிருந்த ஒரே குடும்பத்தினர் மூவர் கொல்லப்பட்டதும், அடுத்த ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் சிவகிரிப் பக்கம் ஒரு முதிய தம்பதியர் அதேபோல் கொல்லப்பட்டது தெரியவந்ததும், எங்கள் பகுதியில் எத்தனை பேருடைய தூக்கத்தைக் கெடுத்தன என்பதை இங்குள்ள பலர் அறிவீர்கள். அதற்குப் பிறகு அப்பா கட்டிலுக்கு அடியில் அரிவாள் வைத்துக்கொண்டுதான் படுக்கிறார். சென்ற மாதம் ஒரு நாள் நள்ளிரவில் பின்பக்கக் கிரில் கேட்டை யாரோ அசைத்திருக்கிறார்கள். அப்பா சத்தம் போட்டு டார்ச் அடித்ததும் இரண்டு பேர் ஓடியிருக்கிறார்கள். அதோடு விடாமல் அரிவாளைத் தூக்கிக்கொண்டு கிணற்று மேடு வரைக்கும் துரத்திப் போயிருக்கிறார். மறுநாள் தொலைபேசியில் அம்மா இதைச் சொன்னபோது, வந்தவர்களைக் காட்டிலும் அப்பா துரத்திய செய்திதான் எனக்கு அதிக நடுக்கத்தைக் கொடுத்தது.

இப்போது மோட்டார் அறையிலிருந்து கம்பி இழுத்து, வீட்டின் பின்புறம் முழுவதும் இரவில் மட்டும் மின்சாரம் பாய்ச்சலாம் என்று உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். அப்பாவும் அதற்கு இசைந்துவிட்டார். "நம்ம வீட்டுக்குள்ள வந்தவன வெட்டுனா எந்தக் கோர்ட்டும் கேள்வி கேக்காது" என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அது உண்மையா? கம்பியில் மின்சாரம் பாய்ச்சுவதைச் சட்டம் ஏற்குமா? வயதானவர்கள் இருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு உண்மையில் எது பாதுகாப்பு? அனுபவமும் சட்ட அறிவும் உள்ளவர்கள் பொறுமையாக விளக்கினால் அப்பாவிடம் அப்படியே படித்துக் காட்டுவேன்.


ஈரோடு வழக்கறிஞர் எழுதியது:

வணக்கம். முதலில் அந்த மின்கம்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது இன்றைக்கே நிறுத்தப்பட வேண்டியது. 1963ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்துக்கு வந்த பீகார் மாநில வழக்கு ஒன்று உண்டு. பக்கத்து வீட்டுக் கழிப்பறையின் சுவர் இடிந்து விழுந்துவிட்டதால் அந்த வீட்டார் அருகிலிருந்த இன்னொருவரின் கழிப்பறையைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அதைப் பொறுக்காத உரிமையாளர், எச்சரிக்கை எதுவும் வைக்காமல், கழிப்பறைக்குப் போகும் வழியில் மின்சாரம் பாயும் செம்புக் கம்பியைக் கட்டினார். உள்ளே போகும்போது கம்பியில் படாமல் தப்பிய ஒரு பெண், வெளியே வரும்போது கை பட்டு இறந்துபோனார். தன் இடத்தைக் காத்துக்கொள்ளும் உரிமையைத்தான் பயன்படுத்தினேன் என்ற உரிமையாளரின் வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை; அத்துமீறி நுழைந்தவர் என்பதற்காக ஒருவர் சட்டத்தின் பாதுகாப்பை இழந்துவிடுவதில்லை என்று கூறித் தண்டனையை உறுதி செய்தது. அறுபது ஆண்டுகள் ஆகியும் அந்தத் தீர்ப்புத்தான் வழிகாட்டியாக இருக்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 2 ஆண்டுகள் வரை இருந்த சிறைத்தண்டனை, புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவில் 5 ஆண்டுகள் வரை உயர்ந்துள்ளது. உயிர் போகும் என்று தெரிந்தே கம்பி கட்டப்பட்டது என்று காவல்துறை கருதினால் இதைவிடக் கடுமையான பிரிவிலும் வழக்குப் பதியலாம். அந்தக் கம்பிக்குத் திருடன் யார், பால் கறக்க விடியற்காலையில் வரும் ஆள் யார், பந்து எடுக்க வந்த பேரன் யார் என்று பிரித்தறியத் தெரியாது. விலங்குகளைத் தடுக்க வேளாண் பொறியியல் துறையின் வழியாக அமைக்கப்படும் சூரிய மின்வேலி வேறு வகை. அது விட்டுவிட்டுச் சிறு அதிர்வை மட்டும் தருவது. மோட்டார் அறையிலிருந்து நேராக இழுக்கும் கம்பி அத்தகையது அன்று.

இனி உங்கள் தந்தையாரின் நம்பிக்கைக்கு வருகிறேன். அவர் சொல்வது முழுவதும் தவறு என்று தள்ளிவிட முடியாது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துள்ளது. பழைய சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த தற்காப்புரிமைப் பிரிவுகள் இதில் 34 முதல் 44 வரை, பெரிய மாற்றமின்றி இடம்பெற்றுள்ளன. தன் உடலையும் பிறர் உடலையும், தன் சொத்தையும் பிறர் சொத்தையும் காக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று 35ஆவது பிரிவு சொல்கிறது. எனவே அவர் தம் மனைவிக்காகவோ தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவருக்காகவோ எதிர்த்து நின்றாலும் அது தற்காப்புத்தான்.

அந்த உரிமை எந்த அளவு வரை செல்லும் என்பதில்தான் மக்கள் இடறுகிறார்கள். சொத்தைக் காக்கும்போது எதிரியின் உயிர் போகும் அளவுக்குச் செல்லக்கூடிய நிலைமைகளை 41ஆவது பிரிவு நான்காக வகுக்கிறது. கொள்ளை, சூரியன் மறைந்த பின்பு உதிக்கும் முன்பு வீட்டை உடைத்து நுழைதல், மனிதர் வாழும் அல்லது பொருள் வைக்கும் கட்டடத்துக்குத் தீயாலோ வெடிபொருளாலோ சேதம் விளைவித்தல் ஆகியவை மூன்று. திருட்டோ சேதமோ வீட்டுக்குள் அத்துமீறலோ, உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் மரணமோ கொடுங்காயமோ நேரும் என்ற நியாயமான அச்சத்தைத் தரும் விதத்தில் நிகழ்வது நான்காவது. மற்றெல்லாத் திருட்டுக்கும் அத்துமீறலுக்கும் உயிரைப் பறிக்காத அளவிலான எதிர்ப்பை மட்டுமே சட்டம் அனுமதிக்கிறது. தோப்பில் தேங்காய் பறிப்பவன், பட்டியில் ஆடு பிடிப்பவன், கிணற்று மோட்டாரின் ஒயரை அறுப்பவன் ஆகியோர்மீது அரிவாளை இறக்கிவிட்டு நான்கில் ஒன்றைக் காட்டித் தப்ப முடியாது.

வீட்டை உடைத்து நுழைதல் என்றால் கதவைப் பிளப்பது மட்டுமே என்று எண்ண வேண்டாம். நம் காவல் நிலையங்களில் இன்றும் "கன்னக்களவு" என்றே இக்குற்றத்தைக் குறிக்கிறார்கள். சட்டம் தந்துள்ள முதல் உதாரணமும் சுவரில் துளையிட்டுக் கையை நுழைப்பதுதான். மண்சுவர் வீடுகளில் கன்னக்கோல் வைத்த காலத்தில், 1860இல் எழுதப்பட்ட அந்த வரி அப்படியே தொடர்ந்து வருகிறது. சன்னல் வழியாக நுழைவது, மதிலேறிக் குதித்து வழி ஏற்படுத்திக்கொண்டு நுழைவது, கதவின் துளைக்குள் கம்பியை விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்குவது, தொலைந்துபோன சாவியைக் கண்டெடுத்துத் திறப்பது, வாசலில் நிற்பவரைத் தள்ளிவிட்டு உள்ளே வருவது ஆகியவையும் அதில் அடங்கும். திறந்து கிடந்த கதவின் வழியாக ஒருவன் சத்தமின்றி உள்ளே வந்துவிட்டால் அது வீட்டு அத்துமீறலே தவிர வீட்டை உடைத்தல் ஆகாது. அப்போது அவன் கையில் என்ன இருந்தது, அவன் என்ன செய்ய முனைந்தான் என்பதைப் பொறுத்தே உங்கள் உரிமையின் அளவு அமையும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக 37ஆவது பிரிவு நிற்கிறது. தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகமான தீங்கை எந்த நிலையிலும் விளைவிக்கக் கூடாது. காவல்துறையின் பாதுகாப்பை நாடுவதற்கு நேரமிருந்தால் அந்த உரிமையே எழாது. நள்ளிரவில் சன்னல் கம்பியை வளைத்து உள்ளே வரும் கையைத் தடியால் அடிப்பதை நீதிமன்றம் குறை சொல்லாது. அதே ஆள் கால் இடறி விழுந்து, ஆயுதம் கைநழுவி, கும்பிட்டுக்கொண்டு கிடக்கும்போது வெட்டினால், அவன் எந்தக் குற்றத்துக்காக வந்தவன் என்பது வெட்டியவருக்கு உதவாது.

உங்கள் தந்தையார் கிணற்று மேடு வரை துரத்தியது பற்றி இரண்டு வார்த்தை. உரிமை எப்போது தொடங்குகிறது, எதுவரை நீடிக்கிறது என்பதை உடலுக்கு 40ஆவது பிரிவும் சொத்துக்கு 43ஆவது பிரிவும் சொல்கின்றன. வீட்டை உடைத்து நுழைந்த வழக்கில், அந்த அத்துமீறல் தொடரும் வரைதான் உரிமை. பொருளை எடுத்துக்கொண்டு ஓடுகிறவனைத் தொடர்ந்து சென்று பொருளை மீட்கலாம். ஆனால் மீட்பதற்குத் தேவையான வலிமையோடு அது நின்றுவிட வேண்டும். அன்றைக்கு அவர்கள் எதையும் எடுக்கவில்லை, உள்ளேயும் வரவில்லை. முதுகைக் காட்டி ஓடிய நொடியிலேயே உரிமை முடிந்துவிட்டது. 1960களில் உச்ச நீதிமன்றம் தீர்த்த பஞ்சாப் நிலத் தகராறு ஒன்றில், எதிர்த்தரப்பினர் சிதறி ஓடத் தொடங்கிய பின்பும் சுட்டவர்களுக்குத் தற்காப்பு என்னும் பாதுகாப்பு கிடைக்கவில்லை. கிணற்று மேட்டில் ஒரு வெட்டு விழுந்திருந்தால், குற்றவாளிக் கூண்டில் நின்றிருப்பவர் உங்கள் தந்தையார்.

அதற்காகச் சட்டம் ஒவ்வோர் அடியையும் எண்ணி அளந்து கொடுக்கச் சொல்கிறது என்று அஞ்ச வேண்டியதில்லை. தாக்குதலுக்கு உள்ளானவர் தம் எதிர்ப்பைப் படிப்படியாகக் கணக்கிட்டுச் செலுத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்று 2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லி, கீழமை நீதிமன்றத்தில் விடுதலையாகி உயர் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்ட ஒருவரை மீண்டும் விடுவித்தது. பொன் நிறுக்கும் தராசில் வைத்துத் தற்காப்பை நிறுக்கக் கூடாது என்பது நம் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் வாசகம். உண்மையான ஆபத்து இருந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அந்த இருட்டில், அந்த வயதில், அந்த வீட்டில் இருந்தவருக்கு நியாயமான அச்சம் எழுந்திருந்தால் போதும். நல்லெண்ணத்தோடு, பழிவாங்கும் நோக்கமின்றி எல்லையைத் தாண்டி உயிர்ப்பலி நேர்ந்துவிட்டாலும், 101ஆவது பிரிவின் இரண்டாம் விதிவிலக்கு அதைக் கொலை என்ற நிலையிலிருந்து கொலையாகாத மரணம் என்ற நிலைக்கு இறக்குகிறது. அப்படி இறக்கிய பின்பும் 10 ஆண்டுகள் வரை, சூழ்நிலையைப் பொறுத்து ஆயுள் முழுவதும்கூடச் சிறைத்தண்டனை வரலாம் என்பதை 72 வயதுக்காரர் ஒருவர் மனத்தில் கொள்ள வேண்டும்.


பெருந்துறை ஆசிரியை எழுதியது:

வழக்கறிஞர் ஐயா எழுதியதற்குப் பிறகு சட்டத்தில் சேர்க்க எனக்கு எதுவுமில்லை. எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன், சகோதரரே. உங்கள் அப்பாவிடம் இதையும் படித்துக் காட்டுங்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, ஊருக்குள் தொடர்ந்து திருட்டு நடந்துகொண்டிருந்த நாட்களில், என் மாமனாரும் இதேபோல் ஒரு கடப்பாரையைத் தலைமாட்டில் சாய்த்து வைத்துப் படுப்பார். என் கொழுந்தனார் கோயம்புத்தூரில் ஆலை வேலையில் இருந்தார். சனிக்கிழமை காலையில் வருவதாகச் சொன்னவர், கடைசிப் பேருந்து கிடைத்துவிட்டதால் வெள்ளிக்கிழமை நள்ளிரவே வந்து சேர்ந்துவிட்டார். எங்களை எழுப்ப வேண்டாம் என்ற கரிசனத்தில், பின்கட்டுச் சுவரேறிக் குதித்துச் சமையலறைக் கதவின் நாதாங்கியை, சிறு வயதில் செய்ததுபோல் குச்சி விட்டு நீக்கியிருக்கிறார். மின்சாரம் வேறு இல்லை. மாமனார் ஓங்கிய கடப்பாரை நிலைக்கதவில் பட்டுச் சறுக்கித் தோளில் விழுந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு போயிற்று. அரை அடி இந்தப் பக்கம் விழுந்திருந்தால் மண்டை.

சட்டம் மாமனாரைத் தண்டித்திருக்காது என்று பிறகு அறிந்தேன். நல்லெண்ணத்தோடு ஒருவரைத் திருடன் என்று தவறாக எண்ணித் தாக்கினால் அது குற்றமாகாது என்பதற்குச் சட்டத்திலேயே உதாரணம் இருக்கிறதாம். ஆனால் அவர் அதற்குப் பிறகு இறக்கும் வரை அந்தச் சமையலறைக்குள் தனியாகப் போனதே இல்லை. சாப்பாட்டுத் தட்டை நாங்கள்தான் திண்ணைக்கு எடுத்துச் சென்று கொடுப்போம்.

அச்சம் ஊர் முழுவதையும் பிடித்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதை 2018 மே மாதம் போளூர்ப் பக்கம் பார்த்தோமே. குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடி வந்த சென்னைக் குடும்பம் ஒன்று, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காகப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று சந்தேகிக்கப்பட்டு, 65 வயது மூதாட்டி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அடித்தவர்களும் தங்கள் குழந்தைகளைக் காப்பதாகத்தான் நினைத்தார்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு வரும் நேரத்தை முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். வாசலில் நின்று தொலைபேசியில் அழைத்த பிறகு மட்டும் கதவு திறக்கப்படட்டும்.


ஓய்வுபெற்ற உதவி ஆய்வாளர் எழுதியது:

தம்பி, முப்பத்தொரு ஆண்டுகள் காவல்துறையில் இருந்தவன் என்ற முறையில், உங்கள் மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

தோட்டத்து வீடுகளில் பணம், நகைக்காக நடந்த ஆதாயக்கொலைகளின் இடங்களைப் பார்த்தவன் நான். பெரும்பாலான வழக்குகளில் சண்டை நடந்ததற்கான அடையாளமே இருந்ததில்லை. முதியவர் ஏதோ சத்தம் கேட்டு, கதவைத் தாமே திறந்துகொண்டு வெளியே வந்திருப்பார், அங்கேயே முடிந்திருக்கும். வெளியே உள்ள மீட்டர் பெட்டியில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்குவது, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவது, ஆட்டைக் கத்தவிடுவது ஆகிய அனைத்தும் உங்களை வெளியே வரவழைப்பதற்கான வேலைகள். ஆகவே உங்கள் அப்பாவிடம் நான் வைக்கும் முதல் வேண்டுகோள், அரிவாள் இருக்கட்டும் இல்லாமல் போகட்டும், இரவில் எந்தச் சத்தம் கேட்டாலும் கதவைத் திறக்கக் கூடாது என்பதுதான். மின்சாரம் போனால் விடியும் வரை போகட்டும். ஆடு போனால் போகட்டும். உள்ளிருந்தபடியே எல்லா விளக்கையும் போட்டு, சன்னல் வழியாகச் சத்தம் போட்டு, தொலைபேசியை எடுக்க வேண்டும்.

அரிவாளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எழுபது வயதுக்காரர் கையில் உள்ள அரிவாளை இருபத்தைந்து வயதுக்காரன் பறித்துக்கொள்ள அதிக நேரம் ஆகாது. நீளமான மூங்கில் தடி, ஒருவரை நெருங்கவிடாமல் நிறுத்தும். அது பறிபோனாலும் உடனே உயிர் போகாது. 2019 ஆகஸ்டில் கடையம் அருகே வீட்டு முன்புறம் உட்கார்ந்திருந்த முதியவரின் கழுத்தைப் பின்னாலிருந்து துண்டால் இறுக்கிய முகமூடிக்காரர்களை, அவரும் அவர் மனைவியும் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் செருப்பையும் வீசியே விரட்டியடித்த கேமராக் காட்சியை நாடே பார்த்தது. அரிவாளோடு வந்தவர்கள் முன்னேற முடியாமல் போனதற்குக் காரணம், அந்த அம்மையார் இடைவிடாமல் எதையாவது எறிந்துகொண்டே இருந்ததுதான். அந்த ஆண்டுச் சுதந்திர தின விழாவில் அரசு அவர்களுக்கு வீரதீரச் செயலுக்கான விருது வழங்கியது. அந்தத் தம்பதியரை நான் வணங்குகிறேன். ஆனால் அதையே திட்டமாக வைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன்; அடுத்த வீட்டில் அது வேறு விதமாக முடிந்திருக்கக்கூடும்.

செலவழிக்க வேண்டிய இடம் கதவு. மரக்கதவுக்கு வெளியே இரும்புக் கிரில் கதவு. அதன் பூட்டு வெளியிலிருந்து கைக்கோ வெட்டுக்கருவிக்கோ எட்டாதபடி உட்புறப் பெட்டிக்குள் அமைய வேண்டும். மரக்கதவின் உட்பக்கம் மேலும் கீழும் தனித்தனித் தாழ்ப்பாள், நடுவில் கனமான குறுக்குச் சட்டம். பின்பக்கக் கதவை மக்கள் எப்போதும் மலிவாகப் போடுகிறார்கள். நான் பார்த்த கன்னக்களவுகளில் பெரும்பகுதி அந்தக் கதவு வழியாகத்தான் நடந்தது. கடப்பாரை, ஏணி, மண்வெட்டி போன்றவை இரவில் வெளியே கிடக்கக் கூடாது. உங்கள் கடப்பாரையைக் கொண்டே உங்கள் கதவைப் பெயர்ப்பார்கள்.

படுக்கையறையை உள்ளிருந்து பூட்டக்கூடியதாக மாற்றுங்கள். முன்கதவு உடைந்தாலும் இரண்டாவது கதவு ஒன்று இருக்கிறது என்றால், காவல்துறைக்கும் பக்கத்துத் தோட்டத்தாருக்கும் ஐந்து பத்து நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். அந்த அறைக்குள் சார்ஜ் ஏற்றிய தொலைபேசி ஒன்றும், கையில் பிடித்து அழுத்தினால் ஊளையிடும் சைரனும், கூரையில் பொருத்திய ஒலிபெருக்கியின் பொத்தானும் இருக்கட்டும். பக்கத்துத் தோட்டத்தார் நான்கைந்து பேரோடு பேசி, சைரன் கேட்டால் அவர்கள் தனித்தனியாக ஓடி வராமல் எல்லா விளக்கையும் போட்டு, சேர்ந்து சத்தமிட்டுக்கொண்டு வருவது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வெளியே ஆள் நடமாட்டத்தில் தானாக எரியும் சென்சார் விளக்குகள், மின்தடையிலும் எரியும்படி இன்வெர்ட்டர் இணைப்போடு இருக்க வேண்டும். கேமரா வைத்தால், பதிவுப் பெட்டியைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்; பொருளோடு அதையும் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். சிம் அட்டை போட்ட கேமராவாக இருந்தால் நீங்கள் சென்னையிலிருந்தே பார்க்கலாம், பதிவும் வெளியே சேமிக்கப்படும். நாய் இரண்டாக இருப்பது நல்லது. ஒன்றை வெளியிலும் ஒன்றை வீட்டுக்குள்ளும் வைத்துக்கொள்ளுங்கள்.

நகை வீட்டில் இருக்கக் கூடாது. அதைவிட முக்கியம், நகை வீட்டில் இல்லை என்பது ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வங்கிப் பாதுகாப்புப் பெட்டக விதிகள் 2022 ஜனவரி முதல் மாறியிருக்கின்றன; திருட்டோ தீயோ ஊழியர் மோசடியோ நேர்ந்தால் பெட்டகத்தின் ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும். தேங்காய் விற்ற பணம், பால் பணம் போன்றவற்றையும் வங்கிக் கணக்கிலேயே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

காவல் நிலையத்துக்கு நீங்களே ஒரு முறை நேரில் சென்று, வீட்டின் இருப்பிடத்தைக் கைபேசி வரைபடத்தில் குறித்துக் கொடுத்து, ரோந்துக் காவலர் கையெழுத்திடும் பட்டா புத்தகத்தை உங்கள் வாசலிலும் வைக்கக் கேளுங்கள். நிலையத்தின் நேரடி எண்ணும் அவசர எண் 112-உம் அம்மாவின் கைபேசியில் ஒரே பொத்தானில் இருக்கட்டும். அந்தக் கேட்டை அசைத்த நிகழ்வுக்கு நீங்கள் புகார் கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன், கொடுங்கள். அப்படி வந்தவர்கள் இடத்தை நோட்டமிட்டுச் சென்றிருக்கலாம்.


காங்கேயத்தான் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. புகார் கொடுக்கவில்லை என்பது உண்மைதான். இந்த வாரம் ஊருக்குச் செல்லும்போது கொடுத்துவிடுகிறேன். மின்கம்பி வேலையை இன்று காலையே நிறுத்தச் சொல்லிவிட்டேன். வழக்கறிஞர் ஐயாவிடம் இன்னும் ஒரு கேள்வி. பக்கத்துத் தோட்டத்தார் சேர்ந்து ஒருவனைப் பிடித்துவிட்டால், காவல்துறை வரும் வரை கட்டி வைக்கலாமா? எங்கள் பக்கத்தில் மின்கம்பத்தில் கட்டி வைத்து ஆளுக்கு ஓர் அடி போடுவது வழக்கமாக இருக்கிறது. ஒருவேளை தற்காப்பில் யாருக்காவது பெரிய காயம் பட்டுவிட்டால் அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?


ஈரோடு வழக்கறிஞர் எழுதியது:

பிடிக்கலாம். பிணையில் விட முடியாத, காவல்துறை தானாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றத்தைத் தம் கண்முன் செய்பவரைத் தனிநபர் பிடிப்பதற்கு, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆவது பிரிவு இடம் தருகிறது. பிடிபட்டவரைத் தாமதமின்றி, எப்படியும் 6 மணி நேரத்துக்குள், காவல்துறையிடம் ஒப்படைத்தாக வேண்டும். அந்தக் கால வரம்பு புதிய சட்டத்தில் சேர்க்கப்பட்டது. தப்பி ஓடாதபடி கையைக் கட்டி உட்கார வைப்பது வரை ஏற்கத்தக்கது. அதற்குமேல் விழும் ஒவ்வோர் அடியும் தனிக் குற்றம், ஏனெனில் கட்டுண்டு கிடப்பவனிடமிருந்து தற்காத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

நமக்கு மேற்கே, மலைக்கு அப்பால் கேரளத்தில் உள்ள அட்டப்பாடியில் 2018 பிப்ரவரியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். உணவுப்பொருள் திருடினார் என்று சொல்லிப் பழங்குடி இளைஞர் ஒருவரைக் காட்டுக்குள் சென்று பிடித்து, கையைக் கட்டி, அடித்து, அதைக் கைபேசியில் படமும் எடுத்தார்கள். அவர் அன்றே இறந்துபோனார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்து, 13 பேருக்கு 7 ஆண்டுக் கடுங்காவல் தண்டனை விதித்தது. ஆளுக்கு ஓர் அடிதான் என்று சொல்லும் உங்கள் பக்கத்தாரிடம் அந்த எண்ணிக்கையைச் சொல்லுங்கள். பிடிபட்டவர் பசிக்காக வந்தவரா கொலைக்கு வந்தவரா என்று மின்கம்பத்தடியில் நிற்கும் கூட்டத்துக்குத் தெரியாது. இதை எழுதும்போதுகூட அந்த இளைஞரின் படம் என் கண்ணை விட்டு அகலவில்லை.

இரண்டாவது கேள்வி. காயம் பட்டுவிட்டால், உங்கள் ஆபத்து நீங்கியதும் முதலில் 108-ஐயும் 112-ஐயும் அழையுங்கள். வந்தவனாக இருந்தாலும் அவன் உயிரைக் காப்பாற்ற முயன்றீர்கள் என்பது, பழிவாங்கும் எண்ணம் உங்களுக்கு இல்லை என்பதற்குப் பெரிய சான்று. இரத்தத்தைக் கழுவுதல், உடைந்த கதவைச் சரிசெய்தல், அவன் கொண்டு வந்த கருவியை எடுத்துப் பார்த்தல் ஆகிய எதையும் செய்ய வேண்டாம். உடைந்த தாழ்ப்பாளும் வளைந்த கம்பியும்தான் நீங்கள் எந்தப் பிரிவுக்குள் நின்றீர்கள் என்று பேசப்போகின்றன. உங்களுக்குப் பட்ட காயம் சிறிதாயினும் அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள். தற்காப்பு என்பதை நிறுவும் சுமை, சாட்சியச் சட்டப்படி, அதைக் கோருபவர்மீது விழுகிறது. சந்தேகத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டியதில்லை. நடந்திருக்கக்கூடியது அதுவே என்று நீதிமன்றம் கருதும் அளவுக்குக் காட்டினால் போதும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்களுக்குச் சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100 என்ற எண் உண்டு.

காவல்துறை எப்போதும் கைது செய்தே தீரும் என்பதும் இல்லை. 2021 ஜனவரியில் சோழவரம் பகுதியில், தம்மைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்க முயன்றவனைக் கத்தியால் குத்திய இளம்பெண்ணை, அவர் செய்தது தற்காப்பே என்று முடிவு செய்து மாவட்டக் காவல்துறை விடுவித்தது. அங்கே ஆபத்தும் அதற்கான எதிர்வினையும் ஒரே நொடியில் நிகழ்ந்தன, அவர் தாமாகவே காவல் நிலையத்தை நாடிச் சென்றார்; விசாரணை அதிகாரிக்கு ஐயம் எழ இடமே இருக்கவில்லை.


காங்கேயத்தான் எழுதியது:

பத்து நாட்களுக்குப் பிறகு எழுதுகிறேன். ஊருக்குச் சென்று இந்த உரையாடல் முழுவதையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பெருந்துறை அம்மா எழுதிய பகுதியை மட்டும் மறுபடியும் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்கதவுக்கு இரும்புக் கிரில் அடிக்கக் கொடுத்திருக்கிறோம், படுக்கையறைக்குக் குறுக்குச் சட்டம் போட்டாயிற்று, அம்மாவின் நகைகள் பெட்டகத்துக்குப் போய்விட்டன. புகாரைப் பெற்றுக்கொண்ட நிலையத்தார் மறுநாள் இரவே ரோந்துக்கு வந்து புத்தகத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்தாருடன் சைரன் ஒத்திகை ஒரு முறை பார்த்தோம்; விளக்குகள் எரிந்து அவர்கள் சேர்ந்து வர ஏழு நிமிடம் ஆயிற்று. அரிவாள் இப்போது மாட்டுக் கொட்டகையில், தீவனம் வெட்டும் இடத்தில் இருக்கிறது. கட்டிலுக்கடியில் ஒரு மூங்கில் தடி வைத்துக்கொள்கிறேன் என்றார்; அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.